பதினேழாம் கேள்விக்குப் பச்சை

சித்ரகலாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவரோடு இரண்டரை வருடம் ஒரே வேனில் திருப்பூரைச் சுற்றியவன் நான். படிவங்களில் அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். நான் எழுதாவிட்டால் அவரைப் பற்றி மிஞ்சப்போவது எங்கள் அலுவலகக் கோப்பில் உள்ள ஒரே ஒரு வரி. அந்த வரி பொய். அது பொய்யென்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் மோகன்ராஜ். என் வேலை டேப்லெட்டில் நிறம் அழுத்துவது. அரசாங்கம் புதிதாக ஒரு கணினித் திட்டம் கொண்டுவந்தால், அது ஓடுமா படுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு படிவம் உண்டு. இடர் மதிப்பீடு என்று பெயர். மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள். எல்லாம் சரியென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. கேள்வி கேட்பவர் சித்ரகலா, அழுத்துபவன் நான். இரண்டு பேருமே ஒப்பந்த ஊழியர்கள்.

சித்ரகலா நல்லூரில் பிறந்து, நல்லூரிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். வயது நாற்பத்தாறு. வேனில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையின் கீழ்மடிப்பைப் பார்ப்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனபோது, வாழ்த்துகூடச் சொல்லாமல் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, "இந்தத் தையல் ரெண்டு தொவைக்குத் தாங்காதுங்க மோகன்ராஜ்" என்றார். அவர் சொன்னபடியே பிரிந்தது. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவரின் கண் அது.

அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் மண்ணரையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்த்தார். அந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவான். அந்த ஆள் கழுத்தில் ஐடி கார்டும் கையில் பேப்பருமாகத் தையல் லைனுக்குள் வந்து, நாலு பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் வருகிறதா, நேரத்துக்கு விடுகிறார்களா, யாராவது திட்டுகிறார்களா என்று கேட்பான். ஒருத்தி வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால் ஆர்டர் போச்சு. அதனால் ஆடிட்டுக்கு முந்தைய நாள் கேன்டீன் ஷெட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்கள். சித்ரகலா எடுத்த பாடம் ஊர் முழுக்கப் பிரசித்தம். மற்ற கம்பெனிக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள்.

"கண்ணைப் பார்த்துச் சொல்லோணும். கீழ குனிஞ்சா பயப்படறீங்கன்னு எழுதிக்குவாங்க. சித்தே சிரிச்சுக்குங்க. நீட்டி முழக்க வேண்டாம். எங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

"ஒரு பிரச்சனையும் இல்லீங்க மேடம்."

"அப்படித்தான் கண்ணு."

இதையெல்லாம் அவரே வேனில் நடித்துக்காட்டி என்னைச் சிரிக்க வைத்திருக்கிறார். கழுத்தில் கார்டும் கையில் பேப்பருமாக யார் வந்தாலும் சரி, அது யாரென்று ஆராய வேண்டாம், ஒரே பதில்தான் என்று சொல்லிக்கொடுத்தாராம். ஆர்டர் வந்தால்தானே எல்லோருக்கும் சோறு என்பது அவருடைய நியாயம். நானும் அதை நியாயம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆர்டர் குறைந்தது, கம்பெனி ஆட்களைக் குறைத்தது, இவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார்.

எங்களிடம் வந்த திட்டத்தின் பெயர் நலமணி. தொழிலாளர்களுக்கென்று மண்ணரையில் ஒரு அரசு மருந்தகம் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டுபோய் நீட்டுவார்கள். முத்திரை குத்தி மாத்திரையைக் கொடுப்பார்கள். இனிமேல் அந்த நோட்டு கிடையாது. கைபேசிக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் மாத்திரை. இந்த ஏற்பாடு சரிப்பட்டு வருமா என்று முன்னூறு தொழிலாளர்களிடம் கேட்டு எழுத வேண்டியது எங்கள் பொறுப்பு.

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் எங்களை அனுப்பினார்கள். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, உறவுக்காரர்களுக்கு வைத்தும் முடித்துவிட்டு ஜாதகம் பார்ப்பது போலத்தான். எந்த ஜோசியர் அப்போது பொருந்தவில்லை என்று சொல்லுவார்?

முதல் கம்பெனியே சித்ரகலாவின் பழைய கம்பெனி. அதே கேன்டீன் ஷெட்டில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். மருதாள் என்று ஒருவர், முப்பத்தெட்டு வயதிருக்கும், அயர்ன் டேபிளில் துணி மடித்துக் கொடுக்கிற வேலை. சித்ரகலாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொந்த போன் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க மேடம்."

"ஓடிபி வந்தா நீங்களே பார்த்துச் சொல்லிருவீங்களா?"

"சொல்லிருவேனுங்க மேடம்."

"இதுல ஏதாச்சும் கஷ்டம் வருமுன்னு நெனைக்கறீங்களா?"

மருதாள் அவர் கண்ணை நேராகப் பார்த்தார். சித்தே சிரித்தார். "ஒரு பிரச்சனையும் இல்லீங்க மேடம்."

அடுத்தடுத்த கம்பெனிகளையும் சேர்த்து முன்னூறு பேரும் இப்படியே சொன்னார்கள். நான் பச்சை, பச்சை, பச்சை என்று அழுத்திக்கொண்டே போனேன். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். கடைசி நாள் திரும்பும்போது வேனில் சித்ரகலா செருப்பைக் கழற்றவில்லை.

"மோகன்ராஜ், முன்னூறு பேரும் ஒரே மாதிரி சொன்னா அது பதில் இல்லீங்க. மனப்பாடம்."

"யாருங்க அக்கா சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நல்லூரில் இறங்கும்போதுதான், "நாந்தானுங்க. வேற யாரு?" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில், ஓடிபி அனுப்புவதற்காகக் கம்பெனிகள் கொடுத்த தொழிலாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றி, கைபேசி எண்படி வரிசைப்படுத்தினேன். அதைச் செய்தவன் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னூறு பேரில் நூற்று எண்பத்தெட்டுப் பேருக்குச் சேர்த்து மொத்தமே பதினோரு எண்கள்தான் இருந்தன. ஒரே எண் இருபத்திரண்டு பெண்களுக்கு. அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்க ஒரு ஆண் குரல், "பிரபாகர் பேசறனுங்க, மூணாம் லைன்" என்றது. லைன் சூப்பர்வைசர்.

இதில் சூதுவாது ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர் வழக்கம் அது. தொழிலாளர்கள் போனை வாசலில் செக்யூரிட்டியிடம் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லைனுக்குள் போன் வைத்திருப்பவர் சூப்பர்வைசர் மட்டும். வீட்டிலிருந்து அவசரமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஓவர் டைம் என்றாலும் அவர்தான் வீட்டுக்குச் சொல்லுவார். அதனால் வேலைக்குச் சேரும்போதே படிவத்தில் அவர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். மருதாளுக்குச் சொந்த போன் இருந்தது. அதன் எண்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சித்ரகலா திரையைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார். இரண்டு பேரும் போய்த் திட்ட மேலாளர் தீனதயாளனிடம் சொன்னோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"பதினேழாவது கேள்விங்களா? பயனாளிக்குச் சொந்தக் கைபேசி எண் உண்டான்னு. அவங்களே உண்டுன்னு சொல்லியிருக்காங்கல்ல? அப்பறம் என்னங்க? மஞ்சள் போட்டா கமிட்டிக்குப் போகும். ரெண்டு மாசம் தள்ளிப்போகும். அழைப்பிதழ் போயாச்சு. ஆரம்பிச்சதுக்கப்பறம் நம்பரைத் திருத்திக்கலாமுங்க."

வெளியே வந்து சித்ரகலா வெகுநேரம் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மஞ்சளாச்சும் போடோணுமுங்க" என்றார். எனக்குப் பசி. அதுதான் உண்மை. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை. "அவரே பொறுப்பா சொல்றாருங்க அக்கா. நமக்கெதுக்கு?" என்றேன். அவர் தலையசைக்கவும் இல்லை, வேண்டாமென்று தடுக்கவும் இல்லை. நான் அவர் மடியிலிருந்து டேப்லெட்டை எடுத்து, இறுதிப் படிவத்தில் பதினேழாம் கேள்விக்குப் பச்சையை அழுத்தினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நலமணி குறித்த தேதியில் தொடங்கியது. முதல் நாளே பழுப்பு நோட்டுகளை வாங்கிச் சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

மூன்றாம் லைனில் நடந்ததை மருதாள் பிறகு சொல்லித்தான் தெரியும். முதல் வாரமே, மருந்தகத்தில் யாராவது மாத்திரை கேட்டால் பிரபாகர் போனுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்துவிட்டது. யாருக்கு, எந்த நோய்க்கான மருந்து, ஓடிபி எண் என்ன என்று எல்லாம் அதிலேயே இருந்தது. அந்தப் பையன் கெட்டவனில்லை, கொஞ்சம் வாய்க்கொழுப்பு. லைனில் நின்றுகொண்டு சத்தமாக, "ஞானாம்பாக்கா, உங்களுக்குச் சக்கரையாமா? இனி உங்க டீல சீனி வேண்டாமுன்னு கேன்டீன்ல சொல்லிப்போடறனுங்க" என்றான். லைனே சிரித்தது. ஞானாம்பாளும் சிரித்துவிட்டார்.

மருதாள் சிரிக்கவில்லை. அவர் ஒன்பது வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கம்பெனியில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அது தெரியாது. தெரிந்தால் அயர்ன் டேபிள் பக்கம் விடமாட்டார்கள், வேறு கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள். மருந்தகத்துக்குப் போனார். "எம்பட நம்பரை மாத்திக் குடுங்க" என்று கேட்டார். மாற்றலாமாம். ஆனால் பழைய எண்ணுக்கு முதலில் ஒரு ஓடிபி வருமாம், அதைப் பிரபாகரிடம் கேட்டு வந்து சொன்னால் மாற்றிக் கொடுப்பார்களாம். இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர்கள் யாரென்று தெரியும்.

மருதாள் வீட்டுக்கு வந்து, கையிருப்பில் இருந்த மாத்திரைகளை இரண்டிரண்டாக உடைத்தார். பாதிப் பாதியாகச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். இருபத்து மூன்றாம் நாள் அயர்ன் டேபிள் பக்கத்தில் விழுந்தார். விழும்போது இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டார். பெட்டி இடது முழங்கைமேல் விழுந்தது. ஆட்கள் வந்து எடுப்பதற்குள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

பழைய கம்பெனியிலிருந்து யாரோ சித்ரகலாவுக்குப் போன் செய்து சொன்னார்கள். அப்போது நாங்கள் வேனில்தான் இருந்தோம். போனை வைத்துவிட்டு, "வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றார். இறங்கிப்போய் ரோட்டோரமாக நின்றார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. "மஞ்சள் போட்டிருந்தா ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்குமுங்க மோகன்ராஜ். அவ்வளவுதான் ஆயிருக்கும்" என்றார். அழுத்திய விரலைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன், குழந்தைத்தனமாக.

அடுத்த மாதமே நலமணியை இன்னும் ஆறு மருந்தகங்களுக்குக் கொண்டுபோகப் போவதாக உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் ஒரு மறுஆய்வுப் படிவம். அதில் ஒரு கேள்வி: 'பயனாளி எவருக்கேனும் பாதிப்பு ஏற்பட்டதா?' பாதிக்கப்பட்டவர் கையெழுத்துப் போட்டால் விரிவாக்கம் நிறுத்தப்பட்டு விசாரணை நடக்கும். இல்லையென்றால் ஆறு மருந்தகத்திலும் பழுப்பு நோட்டுகள் சாக்குக்குள் போகும். சித்ரகலா அன்று மாலையே என்னை இழுத்துக்கொண்டு மண்ணரைக்குப் போனார்.

மருதாள் இருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கையில் கட்டோடு எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சித்ரகலா உட்காரவில்லை. நின்றபடியே, "என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு கண்ணு. நம்பர் வேறன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்" என்றார். எனக்கும் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருதாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எல்லாவற்றையும் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஓடிபி, ஞானாம்பாள், உடைத்த மாத்திரை எல்லாம். "இப்ப மாத்திரை வாங்கறதுக்குத் தொந்தரவு இல்லீங்க. பிரபாகரையே கேட்டு வாங்கிக்கறனுங்க. இனி மறைக்கறதுக்கு என்ன இருக்குது? கூட்டிப் பெருக்கற வேலையாச்சும் குடுக்கறமுன்னு சொல்லியிருக்காங்க, திங்கக்கெழமையிலிருந்து போகோணும்" என்றார்.

சித்ரகலா கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "இப்பச் சொன்னதை அப்படியே எழுதிக்கறேன் கண்ணு. கீழ ஒரு கையெழுத்துப் போட்டா ஆறு ஊர்க்காரங்க தப்பிச்சுக்குவாங்க."

பேப்பரைக் கண்டதும் மருதாளின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. கட்டுப் போட்ட கையைப் பின்னால் கொண்டுபோனார். சித்ரகலாவின் கண்ணை நேராகப் பார்த்து, சித்தே சிரித்தார்.

"ஒரு பிரச்சனையும் இல்லீங்க மேடம்."

சித்ரகலா இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டால் அதே பதில்தான் வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? படிவத்தை மடித்து உள்ளே வைத்தார். மருதாளின் சேலைத் தலைப்பில் பிரிந்திருந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, "போயிட்டு வர்றேன் கண்ணு" என்று வெளியே வந்தார்.

அவர் செய்தது இதுதான். மறுஆய்வுப் படிவத்தில் மருதாளின் பெயரை எழுதவில்லை. 'பாதிப்பைத் தெரிவிப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். பதில்களைத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்றும், எண்கள் சூப்பர்வைசர்களுடையவை என்று தெரிந்தே பதினேழாம் கேள்விக்குப் பச்சை போட்டதாகவும் இரண்டு பக்கம் எழுதினார். பச்சை 'போட்டேன்' என்று எழுதியிருந்தார். போட்டோம் என்று எழுதவில்லை. என்னை எங்கேயும் குறிப்பிடவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர: வரிசைப்படுத்திய பட்டியல் மோகன்ராஜிடம் உள்ளது, அவரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

அதை விசாரித்த கமிட்டியில் மூன்று பேர். தீனதயாளன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முந்தைய வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, ஆறு மருந்தகங்களுக்கும் மதிப்பீட்டாளர் தேவைப்படும் என்று மட்டும் சொல்லியிருந்தார். மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொன்னார். நானும் சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பட்டியல் என் கணினியில் இருந்தது. பக்கத்து அறைதான். எடுத்துவர இரண்டு நிமிடம்கூட ஆகாது. தலைவர் என்னைப் பார்த்து, "சித்ரகலா அம்மா மனசுக் கஷ்டத்துல எழுதியிருக்காங்களோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். நீங்க கூட இருந்தவர். அன்னைக்கு நம்பர் விஷயத்துல ஏதாச்சும் பிரச்சனை கண்ணுல பட்டுச்சுங்களா?" என்று கேட்டார்.

சித்ரகலா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. தலைவரின் கண்ணை நேராகப் பார்த்தேன். நான் சிரித்தேன் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.

"ஒரு பிரச்சனையும் இல்லீங்க சார்."

மருதாளுக்குப் பயம் இருந்தது, பெருக்குகிற வேலையாவது மிஞ்ச வேண்டுமே என்று. எனக்கு அப்படி எதுவும் இல்லை. என் கை வெந்துபோயிருக்கவில்லை.

கோப்பில் உள்ள வரி இதுதான்: 'மதிப்பீட்டாளரின் கூற்றுக்கு ஆதாரம் இல்லை, உடன் இருந்தவர் மறுத்துள்ளார்.' இப்போது ஆறு மருந்தகங்களிலும் நலமணி ஓடுகிறது. வேனில் அவர் உட்காருகிற இடத்தில் நான் உட்காருகிறேன். அந்தப் பட்டியலை நான் அழிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

அன்று எல்லோரும் எழுந்த பிறகு சித்ரகலா கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டரை வருடமும் அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். வாசலுக்குப் போகிற வழியில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கோபமே இல்லாமல், கேன்டீன் ஷெட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அப்படித்தான் கண்ணு."